பயமுறுத்தாத ராஜா

அமெரிக்காவில் 'ரினைஸன்ஸ் சந்தை' என்று ஒன்று நடத்துகிறார்கள். இதை 'மறுமலர்ச்சிச் சந்தை' என்று மொழிபெயர்த்தால் ஏதோ கட்சி மாநாடு என்று வாசகர்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். விஷயம் அதுவல்ல. ஊருக்கு வெளியே ஒரு தோப்பில், பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமத்தைப்போல மரவீடுகளும் கடைகளும் மேடைகளும் கட்டுகிறார்கள். ராஜா ராணி முதல் சேறு பூசிய பிச்சைக்காரன் வரை வேஷக்காரர்களை உலவவிடுகிறார்கள். டிக்கெட் வாங்கி வருகிறவர்களையும் அந்தக் கிராமத்து ஜனங்களாகவே பாவித்து, பகல் முழுவதும் நாடகம் நடக்கிறது. மேடைக்கும் சபைக்கும் நடுவே திரை கிடையாது. தாகத்துக்கு எலுமிச்சை ரசம் வாங்க நின்றால், பக்கத்தில் நிற்பவர் டாக்டரா, டியூக்கா என்று சொல்ல முடியாது.

என் தம்பி குடும்பம் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறது. நானும் என் மனைவியும் பத்து வயதுப் பையனும் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, அன்னாபொலிஸ் நகரத்துக்கு அருகே கிரவுன்ஸ்வில் என்ற இடத்தில் நடக்கும் மேரிலாந்து ரினைஸன்ஸ் திருவிழாவுக்கு எல்லோருமாகப் போனோம். 1977-ல் ஆரம்பித்தது, 1985 முதல் இந்தத் தோப்பில் நடக்கிறது. ஆகஸ்டுக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சனி, ஞாயிறுகளில் கூட்டம் அலைமோதுகிறது. தம்பி பெண்ணுக்குப் பதினாலு வயசு. அவள் வருஷம் தவறாமல் வருகிறவள். எந்த மேடையில் எப்போது கத்தி விழுங்குவார்கள், எந்தக் கடையில் கண்ணாடி ஊதுவார்கள் என்று அவளுக்கு அத்துபடி. நாங்கள் அவள் பின்னால் நடந்தோம்.

இந்தச் சந்தைகளைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லுகிற குற்றம் ஒன்று உண்டு. சரித்திரம் தப்பு என்பார்கள். தப்புத்தான். இங்கே பிரதான உணவு சுட்ட வான்கோழிக் கால். கதாயுதம்போல அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடித்தவாறே நடக்கிறார்கள். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. எட்டாம் ஹென்றியின் காலத்தில்தான் அது இங்கிலாந்தில் முதன்முதலாகக் கால் வைத்தது. கிராமத்துக் குடியானவன் அதன் காலைக் கடித்துக்கொண்டு திரிந்திருக்க நியாயமில்லை. ஒரு மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகத்தைக் கேலியாகச் சுருக்கி நடிக்கிறார்கள். ஹென்றி செத்தது 1547-ல், ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564-ல். முதுகில் இறக்கை கட்டிய தேவதைகளும் ஒற்றைக்கண் கடற்கொள்ளைக்காரர்களும் வேறு வருகிறார்கள்.

இதையெல்லாம் எண்ணிக் காட்டுவது சுலபம். எனக்கு இதில் அக்கறை இல்லை. நாவல் எழுதுகிறவன் பழைய காலத்தைக் கையில் எடுத்தால் பண்டங்களில் பத்துத் தவறு வரும்; பரவாயில்லை. எதை விட்டுவிட்டான், ஏன் விட்டான் என்பதுதான் கேள்வி. நம் சரித்திர நாவல்களையே பாருங்கள். இளவரசன் தப்பித்துப் போகச் சுரங்கப்பாதை இல்லாத அரண்மனை கிடையாது. அந்தச் சுரங்கத்தைத் தோண்டின கூலிக்காரனை எந்த அத்தியாயத்திலும் நான் சந்தித்ததில்லை. இது கிடக்கட்டும்.

சந்தையில் விட்டுப்போனது என்ன? பயம். எட்டாம் ஹென்றி என்பவர் தம் இரண்டு மனைவிகளைச் சிரச்சேதம் செய்வித்தவர். ஆன் போலின் 1536-ஆம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி. காதரீன் ஹோவர்டு 1542 பிப்ரவரியில். நண்பராயிருந்த தாமஸ் மோரின் தலையும் 1535-ல் உருண்டது. சந்தையில் இந்த மனிதர் கொழுகொழுவென்று, சிவந்த முகத்துடன், குழந்தைகளுக்குக் கை ஆட்டிக்கொண்டு வருகிறார். தாத்தா மாதிரி இருக்கிறார். "ராஜாவுக்கு ஜே!" என்று கத்தச் சொல்லுகிறார்கள், எல்லோரும் கத்துகிறோம். நானும் கத்தினேன். தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை.

அவர் காலத்துச் சட்டம் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். 1531-ல் போட்டது. வேலை செய்யத் திராணி இருந்தும் ஊர் சுற்றுகிறவன் என்று ஒருவனைப் பிடித்தால், பக்கத்துச் சந்தையூருக்குக் கொண்டுபோய், உடுப்பைக் களைந்து, வண்டியின் பின்புறத்தில் கட்டி, உடம்பெல்லாம் ரத்தமாகும் வரையில் சவுக்கால் அடித்துக்கொண்டே ஊரைச் சுற்றி வரவேண்டும். சந்தையூர் என்றே சட்டத்தில் இருக்கிறது. எலிசபெத் ராணி காலத்தில் 1572-ல் வந்த இன்னொரு சட்டம், பெரிய பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகப் போகும் நாடகக்காரர்களையும் இந்த நாடோடிக் கணக்கிலேயே சேர்த்தது.

இதை நினைத்துக்கொண்டு சந்தையில் வித்தை காட்டுகிறவர்களைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. இவர்களில் பலர் ஒரு மாநிலத்தில் சந்தை முடிந்ததும் அடுத்த மாநிலத்துச் சந்தைக்கு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள். ஆட்டம் முடிந்ததும் தொப்பியை நீட்டுகிறார்கள். விழுகிற டாலர்தான் ஜீவனம். தீப்பந்தம் எறிந்து பிடித்த ஒருவர், கடைசிப் பந்தம் கையில் இருக்கும்போதே, "என் வாடகை உங்கள் கையில் இருக்கிறது" என்றார். சனங்கள் சிரித்தார்கள். நிஜமான ஹென்றியின் கிராமத்தில் முதலில் வண்டியில் கட்டப்படுகிற ஆள் அவர்தான்.

இந்தச் சந்தைகளின் பூர்வோத்தரம் தெரிந்தால் வேஷத்துக்குப் பின்னால் இருப்பது இன்னும் கொஞ்சம் விளங்கும். லாஸ் ஏஞ்ஜலிஸில் லாரல் கான்யன் என்ற மலையிடுக்கில் வசித்த பில்லிஸ் பாட்டர்சன் என்ற ஆசிரியை, தம் வீட்டுக் கொல்லையில் குழந்தைகளுக்கு நாடகம் பழக்கினார். இத்தாலிய வீதி நாடகமான கொம்மேதியா தெல் ஆர்த்தேதான் அவருடைய பாடம். அதிலிருந்து கிளைத்து, 1963 மே மாதத்தில் கே.பி.எப்.கே. என்ற, நேயர் நன்கொடையில் நடக்கும் வானொலி நிலையத்துக்குப் பணம் சேர்க்க அவரும் அவர் கணவர் ரானும் ஒரு சந்தை நடத்தினார்கள். அதுதான் ஆதி. அந்த மலையிடுக்கு எப்பேர்ப்பட்டது? கம்யூனிஸ்டு என்று சந்தேகப்பட்டுக் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறி, ஹாலிவுட்டில் வேலை போன கலைஞர்கள் ஒண்டியிருந்த இடம். அரசாங்கத்துக்கு ஒருவனைப் பிடிக்காமல் போனால் அவனுடைய அடுப்பு அணையும் என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் தெரிந்துகொண்டவர்கள். அவர்கள் அண்டையில் பிறந்த விளையாட்டு இது. அப்படிப்பட்ட விளையாட்டில் ராஜா மட்டும் தாத்தாவாகிவிட்டது எனக்கு ஒப்பவில்லை.

என் அபிப்பிராயத்தை நடந்துகொண்டே தம்பியிடம் சொன்னேன். அவன் வாடகைக்கு எடுத்த ஊதாநிறப் பட்டு மேலங்கியில் வியர்த்துக் கொண்டிருந்தான். "உன்மேல் கேஸ் இருக்கிறதடா" என்றேன். 1533-ல் ஹென்றி போட்ட உடைச் சட்டப்படி ஊதாப் பட்டு அரச குடும்பத்துக்கு மட்டுமே உரியது. வெல்வெட்டும் இன்னின்ன அந்தஸ்துள்ள ஆண்பிள்ளைதான், இன்னின்ன நிறத்தில்தான் உடுத்தலாம் என்று வரிசை வரிசையாக அதில் எழுதி வைத்திருக்கிறது. "நல்லவேளை, நாலு மணி நேரத்துக்குத்தான் வாடகை" என்றான் அவன்.

பதில் சொன்னது அவன் பெண். "பெரியப்பா, பள்ளிக்கூடத்திலே, கடையிலே, எங்கே போனாலும், நீ எந்த ஊர் என்று கேட்கிறார்கள். இங்கேதான் பிறந்தேன் என்றால், இல்லை, நிஜமாக எந்த ஊர் என்கிறார்கள். இங்கே மட்டும் யாரும் கேட்பதில்லை. வரும்போதே, வாருங்கள் சீமாட்டி என்கிறார்கள்."

அவள் பச்சைப் பாவாடையும் முன்பக்கம் கயிறு கோத்த ரவிக்கையுமாக, தலையில் பூவளையம் சூட்டியிருந்தாள். நெற்றியில் பொட்டு. அவளைக் கண்ட ஒரு கிழட்டு வீரன் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுப் போனான். அந்த வணக்கத்தில் கேலி இல்லை என்பதை நானே பார்த்தேன்.

ஆகவே உடையிலும் உணவிலும் சந்தை செய்கிற பொய்யை நான் ஆட்சேபிப்பதற்கில்லை. அது நல்ல பொய். 1533 சட்டம் யாரை யாரிடமிருந்து பிரித்ததோ, அதை ஆயிரம் பேர் கூடி ஒரே பகலில் மீறுகிறார்கள். சரித்திரம் தப்பாக இருப்பதால்தான் அந்தப் பெண்ணுக்கு அதில் இடம் கிடைத்தது. சரியாக இருந்தால் அவளைக் கப்பலிலிருந்து இறங்கவே விட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நடிக்கப்படுகிற பழங்காலம் இந்த மண்ணுடையது அல்ல, இரவல். இரவல் சட்டையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கால் மணி நேரம் காரில் போனால் அன்னாபொலிஸ் துறை வந்துவிடுகிறது. 1767-ல் 'லார்டு லிகோனியர்' என்ற கப்பல் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கியது அங்கேதான். அந்தக் கப்பலில் தம் மூதாதை வந்தார் என்று எழுதிய அலெக்ஸ் ஹேலி, குழந்தைகளுக்குக் கதை சொல்லுகிற பாவனையில் வெண்கலச் சிலையாக அந்தத் துறையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்தை வைத்து யாராவது சந்தை போட முடியுமா? வாடகைக்கு உடுப்புக் கொடுக்க முடியுமா? யார் எந்த வேஷம் என்ற முதல் கேள்வியிலேயே சந்தை கலைந்துவிடும். கடல் தாண்டிப் போய் ஹென்றியைப் பிடித்துக்கொண்டு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

குதிரைச் சண்டையைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. மேரிலாந்துக்கு அது புதிதுமல்ல. ஈட்டிப் போட்டியை 1962-லேயே மாநில விளையாட்டாகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊர்களில் ஆடுவது ஓடும் குதிரையிலிருந்து தொங்குகிற வளையத்தை ஈட்டி முனையில் கோத்தெடுக்கும் சாதுவான ஆட்டம். சந்தையில் ஆளுக்கு ஆள் மோதுகிறார்கள். இரும்புச் சட்டை வெயிலில் பளபளக்கிறது, மண் அதிர்கிறது, என் பையன் பெஞ்சின்மேல் ஏறி நின்று கூச்சலிட்டான். 1536 ஜனவரியில் நிஜ ஹென்றி இந்த மாதிரிப் போட்டியில்தான் கிரீன்விச்சில் குதிரையோடு விழுந்தார் என்று அவனிடம் சொன்னேன். அவன் காதில் விழவில்லை.

ஆனால் வேறொன்று அவன் காதில் விழுந்திருக்கிறது. இந்தத் திருவிழாவில் ஒரு நல்ல ஏற்பாடு. ஹென்றியின் ஆட்சியில் ஏதாவது ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு, அந்த வருஷத்துக் கதையை நாள் முழுவதும் அங்கங்கே நடத்துகிறார்கள். அடுத்த பருவத்தில் கதை நகர்கிறது. நாங்கள் போனபோது ஆன் போலின் ராஜாவின் கண்ணுக்குக் கண்ணாக இருந்த சமயம். அந்த வேஷம் போட்ட பெண் மரத்தடியில் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தாள். பையன் நேரே போய்த் தன் பள்ளிக்கூட இங்கிலீஷில், "இந்த ராஜா உங்களைக் கொன்றுவிடுவாராமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டான். என் மனைவி, "ஐயையோ, என்னடா கேள்வி இது!" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த நடிகை சிரித்து மழுப்பியிருக்கலாம். வேஷத்தைக் கலைத்து, ஆமாம் கண்ணா, அது சரித்திரம் என்று பாடம் நடத்தியிருக்கலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. சற்றுத் தள்ளி, யாரோ சொன்ன ஹாஸ்யத்துக்குப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்த ராஜாவைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கை தன்னையறியாமல் கழுத்து முத்துமாலைக்குப் போயிற்று. பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ராஜா இன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறார், சின்ன எஜமானே. உரக்கப் பேசாதீர்கள்" என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பார்க்கிறவர்களுக்கு முடிவு தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. நாடகத்தின் பழைய பலம் இதுதான். சந்தை முழுவதும் இந்த பலம் சும்மா கிடக்கிறது. மதுக்கடைகள், பத்து மேடை, நூற்றுக்கு மேல் கடைகள், இவ்வளவுக்கும் நடுவில் அந்த ஒரு பார்வைதான் ஹென்றியை ஹென்றியாக்கியது. அந்தத் தாத்தா சிரிப்பு அதற்கப்புறம் எனக்கு வேறாகக் கேட்டது. பையனும் ராஜா அந்தப் பக்கம் வந்தபோது என் பின்னால் ஒதுங்கி நின்றான். ஜே போடவில்லை.

அந்த அளவுக்குக் கலை தெரிந்தவர்கள் இருக்கும்போது, சந்தை நடத்துகிறவர்கள் இன்னும் கொஞ்சம் துணியலாம். சவுக்கடியை நடித்துக் காட்டச் சொல்லவில்லை. அது கோரக் காட்சி, குழந்தைகள் வருகிற இடம். தோப்பு நடுவே, தீப்பந்தக்காரர் ஆடும் மேடைக்கு எதிரே, ஒரு காலி வண்டியை நிறுத்தி வைக்கட்டும். பின்புறத்தில் இரண்டு கயிறு தொங்கட்டும். பலகையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். கேட்கிற குழந்தைக்கு மட்டும், அந்தப் பெண் சொன்னதுபோல, யாராவது குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றவர்கள் வான்கோழிக் காலைக் கடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகட்டும்.