ஒண்ணாங்கிளாஸ் பயமும் நம்ம எழுத்தும்

ஆசிரியப் பயிற்சிக்குப் படிக்கிறவர்களின் உளவியல் புத்தகத்தில் 'பொருத்தப்பாடு' என்றொரு சொல் உண்டு. ஜூன் மாதம் புதுசாகப் பள்ளிக்கூடம் வருகிற குழந்தை அழும். வயித்து வலி என்று சொல்லும். டவுசரோடு மூத்திரம் போய்விடும். ஆத்தா முந்தானையை விடாது. சில வாரங்களில் பழகிவிடும். பழகாவிட்டால் வீட்டுச் சூழல் சரியில்லை என்று அர்த்தம். இவ்வளவுதான் அந்தச் சொல்லாடல். இதில் குழந்தைக்கு வீடு இருக்கிறது, தெரு இல்லை. பள்ளிக்கூடத்துக்குச் சாதியே இல்லை. யார் யாருக்குப் பொருந்த வேண்டும் என்ற கேள்வி எழும்பாதபடி சாமர்த்தியமாகக் கட்டப்பட்ட சொல் அது.

அந்தக் கேள்விக்குத் தலித் தன்வரலாறுகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. நம்ம விமர்சகர்கள்தான் அவற்றை 'வலியின் பதிவு' என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் வைத்துவிட்டார்கள். வலி இருக்கிறது, யார் இல்லையென்றது? ஆனால் அந்தப் புத்தகங்கள் பள்ளிக்கூடம் என்கிற நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பதற்கான சாட்சியங்களும்கூட. அப்படி அவற்றை வாசித்தவர்கள் குறைவு.

இரட்டைமலை சீனிவாசனை எடுத்துக்கொள்வோம். 1939இல் வந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' சின்னப் புத்தகம். கோயமுத்தூரில் அவர் படித்த இடத்தில் சுமார் நானூறு பேர். பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணப் பிள்ளைகள். பழகினால் சாதி கேட்பார்கள், வீடு கேட்பார்கள். அதனால் வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்தபிறகு வகுப்புக்குள் போவார். விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். உளவியல் வாத்தியார் இதைப் பார்த்தால் 'கூச்ச சுபாவம்' என்று குறிப்பெழுதுவார். அந்தப் பிள்ளையோ பள்ளிக்கூடத்தை அதன் வாத்தியார்களைவிடத் துல்லியமாகப் படித்திருந்தது. எந்த நிமிஷம் ஆபத்து, எந்த நிமிஷம் இல்லை என்று அதுக்குத் தெரியும். சதாராவில் பீமாராவ் தன் சாக்கைத் தானே வீட்டிலிருந்து கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவந்ததும், பியூன் வராத அன்று தண்ணியில்லாமல் கிடந்ததும் இதே பாடம்தான்.

பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது அதன் மொழியைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். கொச்சை என்றார்கள், புதுசு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அரிசனப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லிக் கணக்கெடுக்கிற இடத்தைக் கடந்துபோனார்கள். கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) அதே இடத்துக்குத் திரும்ப வருகிறது. இளையான்குடிப் பள்ளிக்கூடம், உதவித்தொகை, சாதி சொல்லி எழுப்புகிற கூச்சம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகும். அடித்து விரட்டும்போது மட்டும் சாதி பேசவில்லை. சலுகை கொடுக்கும்போதும் அதுதான் பேசுகிறது. காசு வருகிற அதே வழியில் பிள்ளைக்கு அடையாளமும் வருகிறது. எழுந்து நிற்கிற நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதுக்கப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நகர்ந்து உட்கார்வது வருஷம் பூராவும்.

பழைய கதையா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, ஆசிரியர் சாதியைச் சொல்லி மாணவரை அழைக்கக்கூடாது, அகரவரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று அதில் பரிந்துரைகள். 'கருக்கு' எழுதி முப்பத்திரண்டு வருஷம் கழித்து அரசாங்கக் காகிதம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாத்தியார் பயிற்சிக்கு அந்த நாவலைப் பாடமாக வைத்திருந்தால் குழுவுக்குச் செலவு மிச்சம்.

பொருந்துவது தலித் பிள்ளை மட்டுமில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஒரு வருஷம் கழித்து எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்ததால் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி. அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பசிக்கும், சாதி பசிக்காது. உப்புமாவைத் தள்ளிவைக்க அதுக்கு யாரோ கத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இதுவும் ஒரு பொருத்தப்பாடுதான். ஆதிக்க சாதிக் குழந்தை தன் சாதிக்குப் பழகுகிற முதல் வகுப்பு. இதைப் பற்றி எந்த ஆதிக்க சாதித் தன்வரலாறும் வாய் திறக்காது.

இனி நம்ம பக்கத்துக் குறைக்கு வருவோம். மேலே சொன்ன புத்தகங்கள் எல்லாம் தப்பிப் படித்தவர்கள் எழுதியவை. தீபாவளிக்குள் நின்றுபோன பிள்ளைக்குத் தன்வரலாறு கிடையாது. செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலம், தேசூர்ப் பக்கம் ஜூன் மாதம் என்னவாக இருக்கிறது? செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. மழை இறங்கினால்தான் சூளை நிற்கும். பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்துத்தான் பிள்ளை வரும். அதுக்குள் மற்றவர்கள் அழுது முடித்து, இடம் பிடித்து, கூட்டாளி சேர்த்திருப்பார்கள். இது தனியாக அழவேண்டும்.

மொழி வேறு. "எங்க ஆயா கயனிக்குப் பூட்டாங்க, மல்லாட்டை புடுங்க" என்று முழுசாக ஒரு வாக்கியம் சொல்கிற பிள்ளையை, 'ஒழுங்காப் பேசு' என்று உட்காரவைத்துவிட்டால் அடுத்த நாள் அது வாய் திறக்காது. மல்லாட்டையை வேர்க்கடலை என்று திருத்துவதற்கு முன்னால் அந்த வாக்கியத்தில் உழைப்பும் ஊரும் இருப்பதைக் கேட்கக் காது வேண்டும். சீயமங்கலம் என்ற பேர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆறாம் வகுப்பு வரலாற்றில். மண்டகப்பட்டு, மாமண்டூர் வரிசையில் மகேந்திரவர்மன் குடைந்த பாறைக்கோயில் என்று. ராஜா குடைஞ்சது பாடமாகிவிட்டது. அந்த ஊர்ச் சேரிப் பிள்ளை பேசுகிற பேச்சு ஒண்ணாம் வகுப்பிலேயே பிழை.

திண்டிவனத்தில் இருளர்களின் சாதிச் சான்றிதழுக்காக வருஷக்கணக்கில் அலைந்த பிரபா கல்விமணி தாய்த்தமிழ்ப் பள்ளியும் நடத்தினார். காகிதம் இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பு பாதியில் முறிகிறது, மொழி இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே முறிகிறது. இரண்டும் ஒரே சண்டை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் இலக்கியத்துக்கு அது இன்னும் எட்டவில்லை. கல்லூரி ராகிங், விடுதிச் சோறு, நேர்காணல் அவமானம் எல்லாம் நம் பத்திரிகைகளில் வந்துவிட்டன. சூளையிலிருந்து திரும்பி ஆடி மாதம் வகுப்பு வாசலில் நிற்கிற ஆறு வயசுக்காரி வரவில்லை. அவளால் எழுத முடியாது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் மத்தியானம்வரை உட்கார்ந்திருக்கிற அம்மாவாலும் முடியாது. பேச முடியும். ஒரு டேப்ரெக்கார்டரோ இப்போது கையில் இருக்கிற செல்போனோ போதும். வருகிற ஜூனில் யாராவது போய் அந்த மரத்தடியில் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.