கடைசி வார்த்தை யாருடையது?

பிரிவுக்கு ஒரு திணையே ஒதுக்கி இலக்கணம் எழுதிய மொழி நம்முடையது. ஓதற்பிரிவு, தூதிற் பிரிவு, பொருள்வயிற் பிரிவு, பரத்தையிற் பிரிவு என்று எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்தோம். எல்லாவற்றிலும் போகிறவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. ‘நமக்குள்ள ஒத்து வரல, இதோட முடிச்சுக்கலாம்’ என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பிரிவதற்கு அங்கே துறை இல்லை. இன்னொன்றையும் தொல்காப்பியம் சொல்லிவைத்திருக்கிறது: அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குத் தலைமக்கள் ஆகமாட்டார்கள். அவர்களுக்குக் கைக்கிளையும் பெருந்திணையும் போதும். உழைக்கிறவனின் காதலையே புறத்தில் தள்ளியவர்கள் அவன் பிரிவை எங்கே எழுதப்போகிறார்கள்?

ஆனால் எழுதாததால் அது இல்லாமல் போய்விடவில்லை. எங்கள் தெருவில் ‘தீத்து விடுறது’ என்று ஒரு வழக்கம் இருந்ததைக் கிழவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒத்துவராத புருஷன் பெண்டாட்டியைப் பெரியவர்கள் முன்னால் உட்காரவைத்து, கொடுத்ததை வாங்கினதைக் கணக்குப் பார்த்து, ‘இனி அவ வழி அவளுக்கு, ஒன் வழி ஒனக்கு’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிறகு அவள் அறுத்துக் கட்டிக்கொள்ளலாம். இதைத்தான் ஊர்த் தெருக்காரன் ‘கேவலம்’ என்று சொல்லிச் சிரித்தான். அந்தப் பஞ்சாயத்திலும் பேசியது ஆம்பளைகள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் சாகாமல் பிரியலாம் என்கிற நாகரிகம் நம்மிடம் இருந்தது. மணமுறிவு உரிமையை உள்ளடக்கிய இந்துச் சட்ட மசோதா முடக்கப்பட்டதால்தான் 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை உதறினார். இருவரும் ஒத்துக்கொண்டு பிரியலாம் என்பது 1976 திருத்தத்தில்தான் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வந்தது.

தமிழ் சினிமாவுக்கு இது எதுவும் எட்டவில்லை. ‘பாரதி கண்ணம்மா’வில் (1997) அவள் சிதையிலேயே அவன் விழுகிறான். ‘காதல்’ (2004) படத்தில் அடித்துப் பிரிக்கப்பட்டவன் பைத்தியமாகித் தெருவில் திரிகிறான். சாவு, இல்லையென்றால் பைத்தியம். சாதாரணமாக ஒரு காதல் கசந்து, முடிந்து, மறுநாள் வேலைக்குப் போகிற உரிமைகூட நம் பையனுக்கு இல்லை.

அந்த வகையில் பா. இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) முக்கியமான படம். அது தொடங்குவதே ஒரு பிரிவில். ரெனேவும் இனியனும் நெருங்கிக் கிடக்கும் நேரத்தில் அவள் ஓர் இளையராஜா பாட்டை முணுமுணுக்கிறாள். அவனுக்கு எரிச்சல் வருகிறது. வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் அவன் அவள் சாதியைத் தொட்டுப் பேசிவிடுகிறான். அத்தோடு முடிந்தது. அடியாள் இல்லை, அரிவாள் இல்லை, அப்பன் ஆத்தா இல்லை. கதவடைத்த அறைக்குள் இரண்டே பேர். காதலிக்கும்போது ஒளிந்திருந்த சாதி, பிரியும்போது நாக்கில் வந்து உட்காருகிறது. முற்போக்கு பேசுகிறவனின் நாக்கிலும்தான். இதை இவ்வளவு பச்சையாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறு எனக்கு நினைவில்லை.

எனக்கு மனத்தாங்கல் பின்பாதியில். படம் இருவரையும் மறுபடி நெருங்கவைக்கிறது. மன்னிப்பு கேட்பது வேறு, திரும்ப வருவது வேறு. ‘நான் சொன்னது தப்பு. நீ திரும்பி வரணும்னு கேட்கல’ என்று சொல்லிவிட்டு ஒருவன் விலகிப்போகிற காட்சியைத்தான் நான் எதிர்பார்த்தேன். அந்த மன்னிப்புக்குக் கூலி கிடையாது. அதனாலேயே அது மரியாதை.

இது வெறும் சினிமாப் பேச்சு இல்லை. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தபோது ஒரு கல்யாணத்துக்கு நாள் குறித்தது கும்பல். பிரிவுக்கும் அதுவே நாள் குறித்தது. ‘நாடகக் காதல்’ என்ற பட்டத்தைச் சூட்டியபிறகு நம் பையன் சேர்ந்தாலும் குற்றம், பிரிந்தாலும் குற்றம். மற்றவனுக்கு அது தோல்வி. இவனுக்கு மட்டும் மோசடி.

அதைச் சொல்லிவிட்டு, நம் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. ‘வேணாம்’ என்று சொல்லும் பெண் எல்லாம் சாதி பார்த்துத்தான் சொல்கிறாள் என்று முடிவுகட்டாதீர்கள். பார்த்தும் சொல்வாள், பார்க்காமலும் சொல்வாள்; சொல்கிற உரிமை அவளுடையது. நேரில் சொல்லுங்கள், காரணத்தை மறைக்காதீர்கள், நண்பனைத் தூது விடாதீர்கள். அவள் அனுப்பிய போட்டோவை, கடிதத்தை ஆயுதமாக்காதீர்கள். நம்பி அவள் சொன்ன வீட்டுக் கதையைத் தெருவில் கொட்டாதீர்கள்.

சேர்ந்திருந்தபோது ஒருவரை ஒருவர் மனுசராக நினைத்தோமா என்பது பிரிகிற அன்றைக்கு வாயிலிருந்து வரும் கடைசி வார்த்தையில் தெரிந்துவிடும். இனியன் அதில் தோற்றான். நாம்?