இரண்டு சக்கரமும் ஒரு சரவெடியும்

ஒரு ஆய்வுக் கட்டுரையில் வந்த ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. படம் அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் பிரச்சினை என்று எனக்குப் படுகிறது.

டேவிட் மெக்மில்லனுக்கு 2021ல் வேதியியல் நோபல் கிடைத்தது, பெஞ்சமின் லிஸ்டோடு பகிர்ந்து. உலோகம் இல்லாத சின்னக் கரிம மூலக்கூறுகளையே வினையூக்கியாக வைத்து, வலக்கை வடிவம் வேண்டுமா இடக்கை வடிவம் வேண்டுமா என்று தேர்ந்தெடுத்து மூலக்கூறு கட்டலாம் என்று காட்டியதற்காக. நான் சொல்லவருவது அவருடைய இன்னொரு வேலை. 2008ல் டேவிட் நைஸ்விட்ஸோடு சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. அந்தப் பழைய அமீன் வினையூக்கியோடு ஒரு ருத்தேனியம் சேர்மத்தைக் கொஞ்சூண்டு (அரை மோல் சதவீதம்) போட்டார்கள். பக்கத்தில் ஒரு 15 வாட் சி.எஃப்.எல் மாதிரியான வீட்டு பல்பை வைத்தார்கள். ஆல்டிஹைடில் ஒரு கார்பன் கிளை ஒட்டிக்கொண்டது, அதுவும் கேட்ட கை வடிவத்தில். அதுவரை பிடிகொடுக்காமல் இருந்த வினை அது.

இதில் வேலை செய்வது தனி உறுப்பு, அதாவது ராடிக்கல். ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானோடு திரியும் துண்டு. யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும் சுபாவம். அதை அடக்கி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒட்டவைத்தது நிஜமான சாதனை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, படத்துக்கு வருவோம். அதில் இரண்டு சக்கரங்கள், பல் சக்கரம் மாதிரி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றும். ஒன்று அமீன் சக்கரம், இன்னொன்று ருத்தேனியம் சக்கரம். ஒளியை வாங்கிய ருத்தேனியம் ஒரு எலக்ட்ரானை எடுத்து புரோமோமலோனேட்டுக்குக் கொடுக்கும். அதிலிருந்து புரோமின் கழன்று தனி உறுப்பு பிறக்கும். அது அமீன் சக்கரத்தில் இருக்கும் ஈனமீனோடு ஒட்டும். ஒட்டியதும் உண்டாகும் புதுத் தனி உறுப்பு எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கும். அதை வாங்கிக்கொள்ள மறுபடியும் ஒளி பட்ட ருத்தேனியம் வரும். வட்டம் முடிந்தது.

இந்தக் கடைசிப் படியில்தான் எனக்கு இடிக்கிறது. ருத்தேனியம் இருப்பதே 200 மூலக்கூறுக்கு ஒன்று. ஒளி வாங்கிய நிலையில் அது நிற்பதோ சுமார் ஒரு மைக்ரோ விநாடி. எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கும் அந்தத் தனி உறுப்பும் ரொம்ப அபூர்வம். அபூர்வமான இரண்டு பேர் ஒரு பெரிய கூட்டத்தில் சந்தித்தாக வேண்டும். ஆனால் பக்கத்திலேயே புரோமோமலோனேட் ஏராளமாக நிற்கிறதே? அதுவே அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் என்ன? வாங்கினால் அடுத்த தனி உறுப்பு பிறக்கும், அது அடுத்த ஈனமீனோடு ஒட்டும், இப்படியே போகும். ருத்தேனியம் மறுபடி வரவே வேண்டாம்.

நம்மூர் பாஷையில் சொன்னால், படம் காட்டுவது கவலை இறைப்பு. ஒவ்வொரு சால் தண்ணீருக்கும் மாடு ஒருதரம் நடந்தாகணும். நான் மேலே சொன்னது சரவெடி. ஊதுபத்தியை ஒரு முனையில் வைத்தால் போதும், மீதியை வெடிகளே பார்த்துக்கொள்ளும்.

எது உண்மை என்று அளந்து பார்க்கலாம். உள்ளே போகும் ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை விளைபொருள் மூலக்கூறு வருகிறது? இதைக் குவாண்டம் விளைச்சல் என்பார்கள். கவலை இறைப்பு என்றால் ஒன்றைத் தாண்ட முடியாது. 2015ல் சிஸ்மேசியாவும் டெஹ்ஷிக் யூனும் அளந்தார்கள். மெக்மில்லன் வினைக்கு வந்த எண் 18. யூன் இந்தத் துறைக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008லேயே ருத்தேனியமும் ஒளியும் வைத்து வேலை செய்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். அவருடைய சொந்த வினையையும் அதே தராசில் வைத்தார், அதுவும் சங்கிலிதான் என்று வந்தது.

இதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 2013ல், மெல்கியோரே குழு வேறு ஒரு வழியாகச் சந்தேகம் கிளப்பியிருந்தது. ஈனமீனும் புரோமைடும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே நிறமுள்ள ஒரு கூட்டு உண்டாகிறது, சில சமயம் அதுவே ஒளியை வாங்கி வினையைத் தொடங்கிவிடும் என்று காட்டினார்கள். அதாவது தகுந்த இடத்தில் ருத்தேனியமே இல்லாமலும் காரியம் நடக்கும்.

"படம் கொஞ்சம் தப்பு, வினை நடக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வித்தியாசம் கைக்காசில் தெரியும். கவலை இறைப்பு என்று நம்பினால் விளைச்சலைக் கூட்ட என்ன செய்வீர்கள்? இன்னும் பலமான விளக்கு, இன்னும் விலை கூடிய இரிடியம் சேர்மம். சரவெடி என்று தெரிந்தால் கவனம் வேறு பக்கம் போகும்: திரி எங்கே அறுகிறது? உள்ளே புகுந்த ஆக்சிஜன் சங்கிலியை வெட்டுகிறதா? அடுத்த படியின் வேகம் போதுமா? ருத்தேனியமும் இரிடியமும் பூமியில் அரிதான உலோகங்கள். அவற்றை எங்கே செலவழிப்பது என்பது இந்தப் படத்தைப் பொறுத்து மாறும்.

வார்த்தையும் முக்கியம். 1933ல் கராஷும் மேயோவும் பெராக்சைடு விளைவைக் கண்டு சொன்னார்கள். துளி பெராக்சைடு இருந்தால் ஹைட்ரஜன் புரோமைடு வழக்கத்துக்கு மாறான பக்கம் சேரும். பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பெராக்சைடை வினையூக்கி என்று தனி உறுப்பு வேதியியலாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வினைதொடங்கி. 2016ல் ஸ்டூடரும் கரனும் எழுதிய நீண்ட கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டது: ஒளி வினையூக்கி என்று நாம் கொண்டாடும் பலதும் கெட்டிக்காரத் தொடங்கிகள்தான். கராஷின் ஆட்கள் கட்டிவைத்த பழைய அறிவை, புதுப்பேர் வந்ததும் ஒரு தலைமுறை மறந்துபோனது என்ற ஆதங்கம் அதில் எனக்குக் கேட்கிறது.

அதற்காக மறுபக்கம் சாயவும் மாட்டேன். பெராக்சைடு உடைந்து காலியாகிவிடும், ருத்தேனியம் திரும்பி வருகிறது. ஆக ஊதுபத்தி உவமையும் முழுசாகப் பொருந்தாது. குவாண்டம் விளைச்சல் ஒன்றுக்குக் கீழே வந்தாலும் சங்கிலி இல்லை என்று ஆகிவிடாது, தொடக்கத்திலேயே பல ஃபோட்டான்கள் வீணாகலாம். எல்லா ஒளி வினைகளும் சங்கிலியும் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்கணும். வேற வழி கிடையாது.

ஆகவே என் புகார் 2008 கட்டுரை மேல் அவ்வளவாக இல்லை. புது வினையைக் கண்டவர் ஒரு உத்தேசப் படம் போடுவது வழக்கம், அது தேவையும்கூட. புகார், அதற்குப் பின்னால் வந்தவர்கள் மேல். இரண்டு சக்கரப் படத்தை அச்சு மாதிரி எடுத்து, மூலக்கூறு பேரை மட்டும் மாற்றி, அளக்காமலே கட்டுரைக்குக் கட்டுரை ஒட்டிக்கொண்டார்கள். உத்தேசம் என்று தொடங்கியது பாடமாகிவிட்டது.

இனி அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் ஒரே ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள்: ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை மூலக்கூறு? அந்த எண் இல்லையென்றால் சக்கரம் காகிதத்தில் மட்டும் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.