பாவசங்கீர்த்தனமும் கடன் கொப்பியும்

கிறிஸ்தவர்களின் பாவசங்கீர்த்தனம் பற்றி நமது ஏடுகளில் எழுதப்படும்போதெல்லாம் ஒரே வாதம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில் பாதிரியார் எதற்கு? தௌபாவுக்குத் தரகர் வேண்டுமா? கேள்வி சரியானதே. நமது கொள்கையும் அதுதான். ஆனால் இந்தக் கேள்வியோடு நின்றுகொள்வதன் மூலம் இன்னொரு கேள்விக்கு முகம் கொடுக்காமல் தப்பிக்கொள்கிறோம். இதை நான் உணர்ந்தது மிகத் தாமதமாகத்தான். அந்த இன்னொரு கேள்வியை என் முன் வைத்தது வேதசாத்திர நூல் எதுவும் அல்ல, தோட்டத்துப் பெண் ஒருத்தி.

எழுபதுகளின் முற்பகுதி. ஹட்டனுக்கு அருகே ஒரு சிறு பஜாரில் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. பாடசாலை விட்டு வந்ததும் கடன் கொப்பி எழுதுவது என் வேலை. பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் அந்தப் பெண் வந்தாள். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை மேசையில் வைத்தாள்.

“தம்பி, போன மாசம் ஒரு சவுக்காரக் கட்டிய எழுத மறந்துட்டீங்க. தெரிஞ்சும் பேசாம போயிட்டேன். சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் செஞ்சேன். காசக் குடுத்துட்டு வந்து நன்ம வாங்குன்னாரு.”

காசை எடுத்து லாச்சியில் போட்டேன். அவள் போனபின் கொப்பியில் அவளுடைய பக்கத்தைப் புரட்டினேன். அவள் வாங்காத அரை றாத்தல் பருப்பும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் அதில் இருந்தன. கையெழுத்து என்னுடையது. சொல்லச் சொல்ல எழுதியவன் நான். வாசிக்கத் தெரியாதவர்களின் பக்கங்களில் இப்படி எழுதுவது எங்கள் கடையில் வழக்கமாக இருந்தது. அவள் திருப்பித் தந்தாள். நாங்கள் தரவில்லை. அன்றும் நான் அஸர் தொழுதேன், இஸ்திஃபார் ஓதினேன்.

கத்தோலிக்க மரபில் பாவசங்கீர்த்தனம் என்பது பாதிரியாரின் காதில் பாவத்தைச் சொல்வது மட்டுமல்ல. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைச் செய்யவேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. பாவியின் பங்காக மூன்று சொல்லப்படும்: மனஸ்தாபம், வாயால் அறிக்கையிடல், பரிகாரம். நம்மவர்கள் நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொண்டு விவாதிக்கிறார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடாதவன் மனம் திரும்பவில்லை, திரும்பியதாக நடிக்கிறான் என்பது புனித அகுஸ்தீனின் நிலைப்பாடு. பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை விட்டுவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்று மத்தேயு சுவிசேஷம் சொல்கிறது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் தௌபா பற்றிச் சொல்லும்போது அடியார்களின் உரிமைகளைத் தனியே பிரித்து, அவற்றைத் தீர்க்கும் வழியை விரித்துரைக்கிறார். ஷஹீதுக்கும்கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்ற ஹதீஸை நாம் அறிவோம். பாதிரியார் விஷயத்தில் இரு மார்க்கங்களும் பிரிகின்றன. திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

அப்படியானால் மலையகத்தில் இந்த விதி யார்மீது செலுத்தப்பட்டது? இதுதான் நமது விமர்சனம் கேட்கவேண்டிய கேள்வி. 16ஆம் நூற்றாண்டில், மெக்சிக்கோவின் சியாப்பாஸ் ஆயராக இருந்த லாஸ் காசாஸ் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கு விதிகள் எழுதினார். 1552இல் அவை செவில் நகரில் அச்சாயின. இந்தியர்களின் உழைப்பையும் நிலத்தையும் பறித்துச் செல்வம் சேர்த்த ஸ்பானியர், அதைத் திருப்பிக் கொடுக்க இணங்காதவரை அவர்களுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்பது அவற்றின் சாரம். மரணப் படுக்கையில் கிடப்பவனுக்கும் இதே நிபந்தனைதான்.

இங்கே கதை வேறு. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டத்துரைமாரின் பணத்திலும் நடந்தது. சம்பளம் போடுபவனின் பணத்தில் நடக்கும் மிஷன் அவனையே முழங்காலில் நிறுத்துவது எளிதல்ல. கொழுந்துத் தராசில் கழித்த றாத்தல்களையும், நாள் முழுதும் மலையில் நின்றவளுக்கு விழுந்த அரைப்பேரையும் யார் எந்தச் சாமியிடம் சொன்னார்கள்? சவர்க்காரக் கட்டிக்காரி தன் பாவத்தைச் சொன்னாள். செக்ரோல் எழுதியவர்களின் வரிசை அங்கே இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) நாவல் ஒன்றின் பெயர் ‘நாங்கள் பாவிகளாக இருக்கிறோம்’. கதையை விட்டுத் தலைப்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கோவிலில் ‘பாவி’ என்றால் குற்றம் செய்தவன். மலையகப் பேச்சில் ‘அந்தப் பாவி மனுசி’ என்றால் துன்பப்படுகிறவள். ஒரே சொல்லில் இரண்டும் கிடப்பதால்தான் இந்த மண்ணில் அது அத்தனை கனமாக ஒலிக்கிறது. துன்பப்படுகிறவளைக் குற்றவாளியாக நினைக்கவைப்பதும் அந்தச் சொல்லுக்குச் சுலபம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் நாம் பெருமையோடு நினைவுகூரும் டி. பி. ஜாயா. அவரைப் பற்றிய நமது நினைவு மலர்களில் இந்த வரியை நான் கண்டதில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. மிஞ்சியோர் விடயம் பிறகு பேசப்பட்டது. 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: பிரஜாவுரிமை ‘வழங்கும்’ சட்டம். வழங்குவது கொடையாளி செய்வது. பறித்தவன் செய்யவேண்டியது திருப்பிக் கொடுப்பது. அந்த ஒரு வினைச்சொல்லில் பாவ அறிக்கை இல்லாமலே பரிகாரம் முடிந்துபோனது.

மாறான எழுத்துக்கும் உதாரணம் உண்டு. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 ஜூலை வன்செயலுக்குப் பின், செப்டெம்பரில் தன் மறைமாவட்டத்துக்கு ஆற்றிய மேய்ப்புரை அது. அடுத்த மாதமே அவர் காலமானார். தன் கையால் ஒரு கல்லும் எறியாத அந்தச் சிங்களவர், நடந்தது அறக்குற்றம், சிங்களவராக நாம் வெட்கப்படவேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். ‘இரு தரப்பிலும் தவறு’ என்று தொடங்கி முடிக்கும் நமது வழமையான அறிக்கைகளோடு இதை வைத்துப் படித்தால் வேற்றுமை விளங்கும். கண்டியில் 1972இல் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி மலையக மக்களோடு நின்ற இயேசு சபைக் குரு போல் கெஸ்பர்ஸின் பணியையும் இந்த வரிசையிலேயே வைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபனை எழும். ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆனின் தெளிவான போதனை. பிறவிப் பாவம் நமக்கில்லை. பிறர் செய்ததற்கு ஆயர் ஏன் வெட்கப்படவேண்டும்? வெகுநாள் இந்த ஆயத்துக்குப் பின்னால் நானும் ஒளிந்திருந்தேன். கொப்பியில் எழுதச் சொன்னது நானல்லவே! ஆனால் அதே குர்ஆன் வாரிசுப் பங்கைப் பேசும்போது, வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பின்னரே பங்கு என்கிறது. குற்றம் பரம்பரையாக வருவதில்லை. சொத்தோடு கடன் வரும். அந்த லாச்சிப் பணத்தில்தான் நான் படித்தேன், இந்தக் கட்டுரை எழுதும் தமிழையும் கற்றேன். ஆயரின் உரையைப் பிறவிப் பாவக் கொள்கையாக அல்லாமல் வாரிசுக் கணக்காக வாசிக்கும்போது அதில் நமக்கு அந்நியமானது எதுவுமில்லை.

வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பெண்ணைத் தேடி லயத்துக்குப் போனேன். காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. ஒப்பந்தப்படி அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறிப் போய் வருடங்களாகிவிட்டன. உரியவரைக் காணாவிட்டால் அவர் பேரில் ஸதகா கொடுக்கலாம் என்றார் ஆலிம். கொடுத்தேன். சட்டப்படி அது போதும். ஆனால் அவளிடம் நான் சொல்லவேண்டியிருந்த வாக்கியத்தை ஸதகாவால் சொல்ல முடியவில்லை.

2023 ஜூலை 28இல் தேசிய கிறிஸ்தவ மன்றமும் மலையக அமைப்புகளும் சேர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி தொடங்கின. முதல் தலைமுறை செத்து விழுந்து வந்த பாதையில் பதினாறு நாள் நடை. அதில் நமது எழுத்தாளர்கள் எத்தனை பேர் நடந்தோம் என்று நான் கணக்கெடுக்கப் போவதில்லை. நான் நடக்கவில்லை.

பாதிரியாரின் தட்டிக்குப் பின்னால் நடப்பதைப் பற்றி இனி எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதுமுன் உங்கள் வீட்டுப் பரணில் பழைய கொப்பிகள் ஏதும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.