கணக்கைப் போட்டது யார்?

இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் ‘போதாது’ என்ற தரத்திலிருந்து ‘நன்று’ என்ற தரத்துக்கு ஏறினால் வாசலில் பேனர் கட்டுகிறார்கள். ஆள் பற்றாக்குறைக்காக எச்சரிக்கை நோட்டீஸ் வாங்கிய இல்லம் என்றால் பெருமை இன்னும் கூடுகிறது. பராமரிப்புத் தரத்தைச் சோதிக்கும் அரசு அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷன் மறுசோதனைக்கு வந்தது, பணியாளர்கள் போதுமான அளவில் இருப்பதைக் கண்டது, குறை தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தது. இந்த மறுசோதனை முறையைக் குறை சொன்னால் நிர்வாகிகளும் அதிகாரிகளும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். இல்லத்துக்கு இல்லம் நிலைமை மாறும். இத்தனை முதியவருக்கு இத்தனை பேர் என்று சட்டத்தில் எழுதிவைக்க முடியாது. தேவையை அறிந்து இல்லமே முடிவு செய்வதுதான் சரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாகவே எனக்கு இது ஏற்பில்லை.

முறையில் நல்லது இல்லாமல் இல்லை. சோதனை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நடக்கிறது. முதியவர்களிடமும் குடும்பத்தாரிடமும் பேசுகிறார்கள். அறிக்கையை யாரும் படிக்கலாம். 2015 ஏப்ரல் முதல் தரத்தைக் கண்ணில் படும்படி இல்லத்தில் காட்டியே ஆகவேண்டும். நம் ஊர் முதியோர் இல்லங்களுக்கு இதில் பாதி வந்தாலே பெரிய காரியம். சோதனைகள் குறைந்துபோனதையும், ஐந்தில் ஒரு சேவை மையம் ஒருமுறைகூடத் தரமதிப்பீடு பெறாததையும் கமிஷனின் செயல்பாட்டை ஆராய்ந்த பென்னி டேஷ் குழு 2024இல் எடுத்துச் சொல்லிவிட்டது. அது கூடுதல் ஆய்வாளர்களை அமர்த்தினால் தீரக்கூடிய குறை. நான் சொல்ல வருவது ஆயிரம் ஆய்வாளர்களை அமர்த்தினாலும் தீராதது.

இந்த இல்லங்களுக்கான 2014ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில் 18ஆம் விதி, தகுதியும் திறமையும் உள்ள பணியாளர்கள் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை பேர் என்று சொல்லவில்லை. அந்த எண்ணை இல்லமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ‘டிபென்டென்சி டூல்’ என்ற கணக்கீட்டு முறை இருக்கிறது. இப்போது மென்பொருளாகவும் விற்கிறார்கள். ஒவ்வொரு முதியவருக்கும் குளிக்க, உண்ண, நடக்க எவ்வளவு உதவி தேவை என்று மேலாளர் புள்ளியிடுகிறார். புள்ளிகளைக் கூட்டினால் இத்தனை மணி நேரப் பணியாளர் தேவை என்று விடை வருகிறது. மறுசோதனைக்கு வருபவர் இந்த விடையை எடுத்து, ‘ரோட்டா’ என்ற பணிநேரப் பட்டியலில் உள்ள பெயர்களோடு ஒப்பிடுகிறார். இரண்டும் பொருந்தினால் போதிய எண்ணிக்கை. தேர்வு எழுதும் மாணவனே வினாத்தாளும் தயாரித்து, அதில் தேறியும் விடுவது போன்றது இது.

புள்ளியிடுகிற கைக்கு ஒரு பக்கச் சாய்வு இருந்தே தீரும். நான்கு பேரை ‘அதிக உதவி’யிலிருந்து ‘நடுத்தர உதவி’க்கு மாற்றினால் தேவைப்படும் மணி நேரம் குறைந்துவிடும், சம்பளச் செலவும் குறையும். மேலாளர் பொய் எழுதுகிறார் என்று சொல்லவில்லை. பட்ஜெட் தலைக்கு மேல் தொங்கும்போது எல்லைக்கோட்டில் இருப்பவரைக் கோட்டுக்குக் கீழே வைக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

நேர்மையாகவே போட்ட கணக்கும் இரவில் உடைந்துபோகிறது. இரண்டு தளங்கள், 34 முதியவர்கள், இரவுப் பணியில் ஒரு நர்ஸ், இரண்டு பராமரிப்பாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணி மூன்று. கீழ்த்தளத்துக் கடைசி அறையில் ஒரு பாட்டி படுக்கையை நனைத்துவிட்டார். தானாகப் புரளக்கூட முடியாதவர். ஒருவர் அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஈரத் துணியை உருவி, உடம்பைத் துடைத்து, பின்புறம் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, களிம்பு தடவி, புது விரிப்பைச் சொருக வேண்டும். பிறகு மறுபக்கம் புரட்டி அதையே செய்ய வேண்டும். அவசரப்பட்டால் தோல் கிழியும். அந்த இருபது நிமிடமும் பிடித்திருக்கும் கையை எடுக்க முடியாது. மேல்தளத்தில் அழைப்பு மணி அடிக்கிறது. நினைவு மங்கிய ஒருவர் கழிப்பறை தேடிக் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டார். நர்ஸ் வேறொருவருக்கு வலி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். ரோட்டாவில் மூன்று பெயர் சரியாக இருக்கின்றன. மேல்தள வராந்தாவில் ஒருவரும் இல்லை. நாள் முழுவதற்குமான மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லும் கணக்கில் இந்த இருபது நிமிடம் எங்கே தெரியும்? பகல் பத்து மணிக்கு வந்து நிற்கும் ஆய்வாளருக்குத்தான் எப்படித் தெரியும்?

எண்ணை எழுத முடியாது என்ற வாதம் அந்த நாட்டிலேயே பொய்த்துப்போகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் குழந்தைக் காப்பகங்களுக்கு விதி உண்டு. குழந்தைகளும் ஒன்றுபோல் இல்லை. ஆனாலும் எண் எழுதப்பட்டிருக்கிறது. தொண்ணூறு வயதில் ஊட்டிவிடவும் துடைத்துவிடவும் ஆள் வேண்டியவருக்கு மட்டும் ஏன் இயலாது?

நிலைமை மாறும் என்பதையும் ஏற்றுக்கொண்டே எண்ணை வெளியிலிருந்து வைக்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2021இல் முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணையம் அறிக்கை தந்த பிறகு அங்கே பராமரிப்பு நிமிடங்கள் கட்டாயமாயின. 2024 அக்டோபர் முதல் ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடம். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸுடையது. யாருக்கு எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்து ஒவ்வொரு இல்லத்தின் இலக்கும் மாறும். ஆனால் இலக்கை வைப்பது அரசு. பல இல்லங்கள் அதை எட்டவில்லை. எட்டவில்லை என்பதாவது வெளியே தெரிகிறது.

அமெரிக்க அனுபவம் இன்னும் கூர்மையானது. அங்கேயும் முன்பு சோதனை நேரத்தில் இல்லங்கள் தாமே எழுதித் தரும் இரண்டு வாரப் பணியாளர் கணக்கைத்தான் நம்பினார்கள். 2016 முதல் அன்றாடச் சம்பளப் பதிவைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். 2018இல் சுமார் 1,400 இல்லங்களின் பணியாளர் தரம் ஒரு நட்சத்திரம் என்ற கடைசிப் படிக்கு இறங்கியது. அந்தப் பதிவுகளை வைத்து 2019இல் கெங், ஸ்டீவன்சன், கிராபோவ்ஸ்கி ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, சோதனை நடக்கும் நாட்களையொட்டிப் பணியாளர் எண்ணிக்கை ஏறுவதையும் பிறகு இறங்குவதையும், வார இறுதியில் சரிவதையும் காட்டியது. அங்கே அரசு கொண்டுவந்த குறைந்தபட்ச எண்ணை 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அது பெரிய இழப்பு. ஆனாலும் பதிவு நிற்கிறது. சோதனைக்காக நிரப்பிய நாளையும் சாதாரண ஞாயிற்றுக்கிழமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. இங்கிலாந்தின் மறுசோதனையில் அதற்கு வழியில்லை.

பணியாளர்களிடம் நேரில் கேட்கிறோமே என்பார்கள். 2022 முதல் இங்கிலாந்துக்குப் பராமரிப்பு வேலைக்குப் போனவர்களில் இந்தியர் ஏராளம். கேரளத்துப் பெண்களோடு நம் பெண்களும் போயிருக்கிறார்கள். அவர்களுடைய விசா இல்லத்தின் ஸ்பான்சர் கடிதத்தில் கட்டுண்டது. அது போனால் வேறு முதலாளியைத் தேடப் பொதுவாக அறுபது நாள்தான் கிடைக்கும். ஏஜென்சிக்குக் கட்டிய கடன் ஊரில் வட்டியோடு காத்திருக்கிறது. மேலாளர் அடுத்த அறையில் இருக்க, ஆள் போதவில்லை என்று அந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள் என எதிர்பார்ப்பது கொடுமை.

ஆகவே கேட்பது இதுதான். மறுசோதனைக்கு வருபவர் ரோட்டாவை மூடிவைத்துவிட்டு மூன்று மாதச் சம்பளப் பதிவையும் ஏஜென்சி ரசீதுகளையும் கேட்கட்டும். அழைப்பு மணி அடித்து எத்தனை நிமிடத்தில் ஆள் வந்தார் என்ற பதிவைப் பல கருவிகள் தாமே சேமிக்கின்றன. இரவு நேரப் பதிவை எடுத்துப் பார்க்கட்டும். முதியவர்களில் சிலரைத் தாமே பார்த்துப் புள்ளியிட்டு, மேலாளரின் புள்ளியோடு ஒப்பிடட்டும். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் அதை எண்ணாகவே அறிக்கையில் எழுதட்டும்.

இதற்கு ஒரே மறுப்பு வரும்: காசு இல்லை. முதியவர்களுக்காக உள்ளூர்க் கவுன்சில்கள் தரும் கட்டணம் அடக்கச் செலவுக்கே போதவில்லை என்று இல்லங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் பற்றாக்குறையை மூடிமறைக்கும் சோதனையை அவர்களே ஏன் தாங்கிப் பிடிக்கிறார்கள்? ‘போதிய பணியாளர்கள் இருந்தனர்’ என்று அரசு அமைப்பே எழுதித் தந்த இல்லத்துக்குக் கட்டணத்தை உயர்த்த எந்தக் கவுன்சிலும் முன்வராது. இரவுக்கு நான்காவது ஆள் தேவை, அதற்குப் பணமில்லை என்று அறிக்கையிலேயே பதிவானால் கட்டணம் பேசும் மேசையில் வைக்க அவர்களுக்கு ஒரு தாளாவது கிடைக்கும்.