படமும் மாதிரியுருவும்

பெருந்தொகுதிகளை ஆக்கும் பொறியியலார் தம் கருத்தை முதற்கண் கணினியில் மாதிரியுருவாக அமைப்பர். அதனைக் கண்ணுக்குப் புலப்படுத்துவன வரிப்படங்கள். ஒப்ஜெக்ட் மனேஜ்மன்ட் குறூப் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட சிஸ்எம்எல் என்னும் குறியீட்டுமொழி அவற்றை ஒன்பது வகையாக வகுத்தது. அமைப்பையும் இயக்கத்தையும் தேவைகளையும் வேறுவேறாகக் காட்டும் அவ்வகுப்புப் பாராட்டற்குரியதே.

எனினும், படம் வேறு, மாதிரியுரு வேறு. வானூர்தியின் எரிபொருட்டொகுதியைக் காட்டும் படமொன்றில் ஒரு வால்வு காணப்படாவிடின், அது மாதிரியுருவிலும் இல்லையெனத் துணிதல் தவறாகும். படத்தினின்று நீக்கிய உறுப்பும் மாதிரியுருவில் நிலைபெறும். ஆகவே, படத்தை மட்டும் நோக்கி உடன்படுவோர், தாம் காணாதவற்றிற்கும் உடன்பட்டோராவர். அங்கே பிழையிருப்பின் அது தொழிற்சாலைவரை செல்லும்.

அனைத்தையும் ஒரே படத்தில் வரைதலும் தீர்வன்று. நூற்றுக்கணக்கான பெட்டிகளும் பின்னிய கோடுகளும் எதனையும் விளக்கா. 2025இல் ஏற்கப்பெற்ற இரண்டாம் சிஸ்எம்எல், ஒரே மாதிரியுருவை எழுத்தாலும் படத்தாலும் காட்ட இடந்தருகின்றது. படத்தில் விடுபட்டதை எழுத்திற் சரிபார்க்கலாமாதலின் இது நன்மையே. ஆயினும், எவ்வினாவிற்கு விடையாக ஒரு படம் வரையப்பட்டது, அதில் எவை விடப்பட்டன என்பவற்றை எக்கருவியும் தானே உணர்த்தாது. அவற்றை வரைந்தோர் கூறல் வேண்டும். ஆய்வோர் கேட்டல் வேண்டும்.