ஒரே நோய், இரண்டு வீடு: 1939 சட்டத்தில் விடுபட்ட பாதி

2021 மே மாதம் தாராசுரத்தில் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுக்கு பாசிட்டிவ் வந்தது. ஒன்று எங்கள் வீடு. மாடியில் தனி அறை, அதிலேயே பாத்ரூம் இருந்ததால் "மேலயே இருந்துக்குங்க சார்" என்று மாத்திரைக் கவரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொன்று நாலு வீடு தள்ளி. முன்கட்டில் அண்ணன் குடும்பம், பின்கட்டில் தம்பி குடும்பம், கொல்லையில் பொதுவாக ஒரு கழிப்பறை, கூடத்தில் பட்டுத்தறி. தம்பியை வண்டியில் ஏற்றி சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். நோயே வராத அண்ணன் குடும்பமும் பதினான்கு நாள் வீட்டுக்குள் அடைபட்டது. நான் மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தேன், சம்பளம் வந்தது. அவர்களுக்கு நெய்தால்தான் கூலி.

வந்தவர்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் விமர்சனம் அவர்கள் பின்னால் நிற்கும் சட்டத்தைப் பற்றியது.

தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939. சென்னை மாகாணத்தில் வந்தது, இந்தியாவிலேயே இந்த வகையில் முதல் சட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்வது. பெருமைக்கு நியாயம் இருக்கிறது. குடிநீர், சாக்கடை, கொசு, தாய்சேய் நலம் என்று எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1897இன் கொள்ளைநோய்ச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பம்பாய் பிளேக் சமயத்தில் அவசரமாக வந்த அந்தச் சட்டம் மொத்தமே நாலு பிரிவு. அரசுக்கு அதிகாரம் உண்டு, மீறினால் தண்டனை உண்டு, அதிகாரிக்குப் பாதுகாப்பு உண்டு. அடைத்து வைக்கப்படுபவருக்கு எதுவும் கிடையாது.

நான் வக்கீல் இல்லை, ப்ரோகிராம் எழுதுகிறவன். சட்டத்தைப் படித்தாலும் கண்ணில் படுவது 'இஃப் கண்டிஷன்'தான். தொற்று நோயாளியை மருத்துவமனைக்கு அப்புறப்படுத்த 1939 சட்டம் நாலு நிபந்தனை வைக்கிறது. சரியான இருப்பிடம் இல்லாதவர். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் வசிக்கும் இடத்தில் இருப்பவர். பரவலைத் தடுக்கும் மருத்துவக் கண்காணிப்பு இல்லாதவர். அக்கம்பக்கத்துக்கு ஆபத்தாக இருப்பவர். இதில் ஒன்று இருந்து, மாற்ற வேண்டும் என்று சுகாதார அலுவலருக்குத் தோன்றினால் போதும்.

முதல் இரண்டையும் மறுபடி பாருங்கள். இரண்டும் நோயைப் பற்றியவை இல்லை, வீட்டைப் பற்றியவை. தனி வீடு இருப்பவன் தப்பிப்பான், கூட்டுக்கட்டில் இருப்பவன் போக வேண்டும். மருத்துவ ரீதியாக இதில் தப்பில்லை. ஒரே கழிப்பறை என்றால் பரவத்தான் செய்யும். ஆனால் ஊர் நன்மைக்காக ஏழையைத்தான் முதலில் தூக்குவோம் என்று சட்டமே எழுதி வைத்தால், அவனுக்குத் திருப்பி என்ன தருவோம் என்பதையும் எழுத வேண்டாமா? அந்தப் பிரிவில் கூலி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்படி எழுத முடியும் என்பதற்கு ஜெர்மனி ஒரு உதாரணம். 2001இல் அமலுக்கு வந்த அவர்களுடைய தொற்றுத் தடுப்புச் சட்டத்தில் 30ஆம் பிரிவு தனிமைப்படுத்தும் அதிகாரத்தைத் தருகிறது. அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு, தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தில் தனிமைப்படுத்தப்பட்டு வருமானம் இழப்பவருக்கு முதல் ஆறு வாரம் அந்த இழப்பு முழுவதையும் ஈடுகட்டச் சொல்கிறது. சுயதொழில்காரருக்கும் இது உண்டு. தறிக்காரர் அண்ணன் அங்கே இருந்திருந்தால் விண்ணப்பம் போட்டிருப்பார்.

அடைத்து வைப்பதிலும் வித்தியாசம் உண்டு. 1989இல் கோவாவில் டொமினிக் டிசூசா எச்.ஐ.வி. தொற்று இருந்த ஒரே காரணத்துக்காக, அந்த மாநிலப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் 64 நாள் அடைக்கப்பட்டார். வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த அதிகாரம் செல்லும் என்றது. 2005இல் எனார்ன் எதிர் ஸ்வீடன் வழக்கிலும் எச்.ஐ.வி.தான். அங்கே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இதைவிடக் கடுமை குறைந்த வழிகளைப் பார்த்துவிட்டு அவை போதாது என்று தெரிந்த பிறகுதான் அடைக்கலாம், அது கடைசி வழி என்று சொல்லி ஸ்வீடனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஐரோப்பாவைக் கோவில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. யாரையெல்லாம் அடைக்கலாம் என்று பட்டியலிடும் அவர்களுடைய மனித உரிமை உடன்படிக்கை, தொற்று பரப்பக்கூடியவரைக் குடிகாரர், நாடோடிகளோடு ஒரே வரியில் வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிமை சாசனமும் சிகிச்சை உரிமையைத் தந்துவிட்டு, அந்தந்த நாட்டுச் சட்டப்படி என்று ஒரு வாலைக் கட்டிவிடுகிறது.

நமக்கு உரிமையே இல்லையா என்றால், இருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்து அடிபட்டவரை வங்காளத்தில் அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை 21ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. விபத்து நடந்தது 1992இல். இழப்பீடு 25,000 ரூபாய். அதிகாரம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அதிகாரி அதை அன்றைக்கே எடுத்துப் பயன்படுத்தலாம். உரிமை தீர்ப்பில் இருக்கிறது, அதற்கு டெல்லி வரை போக வேண்டும்.

பழைய சட்டம், கைவைக்க முடியாது என்பதும் சரியில்லை. கேரளம் 2023இல் புதுச் சட்டம் போட்டு, மலபாரில் இருந்த இதே 1939 சட்டத்தை மாற்றிவிட்டது. நாமும் 2020இல் திருத்தினோம். எதற்கு? முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் வாங்க.

மையத்திலிருந்து திரும்பிய தம்பி சொன்னது இதுதான்: "கூட்டிட்டுப் போனது தப்பில்லண்ணே. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ரெண்டு வீட்டுக் கூலிய யார்ட்ட கேக்கறது?"

அடுத்த திருத்தத்தில் மூன்று விஷயம் வரட்டும்: வேறு வழி பார்த்தோம் என்று எழுத்தில் பதிவு, இத்தனை நாள்தான் என்ற வரம்பு, இழந்த கூலிக்கு ஈடு. சட்டம் படித்தவர்கள் நான் எங்காவது தப்பாகப் படித்திருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.